அறுபத்தொண்ணாம் முனை

...ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தோண்டியிருக்கலாம் இல்ல, அதத்தாம்மா நானும் கேக்கறேன். கேட்டைத் தட்டி, அம்மா, உங்க வாசல வெட்டப்போறோம், பூத்தொட்டிய உள்ள எடுத்து வெச்சுக்கோங்கன்னு சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா? அதுவும் ஒண்ணா ரெண்டா, மூணு குழி. நீங்க காலைல பால் எடுக்கக் கதவத் திறக்கும்போது முதல் குழி, துணி காயப்போட வரும்போது ரெண்டாவது, சாப்ட்டுக் கை கழுவறதுக்குள்ள மூணாவது. நியாயமே இல்ல. நானும் அவங்க ஆபீஸ்தான், இருந்தாலும் சொல்றேன், நியாயமே இல்ல. இந்த நாற்காலி எனக்கா? எதுக்கும்மா சிரமம்... சரி, போட்டுட்டீங்க, உக்காந்துக்கறேன். முட்டி வேற காலைலேருந்து தகராறு.

நான் யாருன்னு கேக்கறீங்களா? தண்ணி ஆபீஸ்ல மேப் செக்ஷன். பூமிக்கடியில எந்தக் குழாய் எங்க போகுதுன்னு கம்ப்யூட்டர்ல கோடு கோடா வரையறோமே, அந்த வேலை. இருபத்திரெண்டு வருஷமா அதேதான். வெயில்ல வந்து நிக்கற வேலை இல்ல எங்களுது. ஏசி ரூம், சுத்தற நாற்காலி, பக்கத்துல ஒரு ஃபிளாஸ்க். இன்னிக்குத்தான் என்னைப் பிடிச்சு வெளியில தள்ளிட்டாங்க. ஏன் தள்ளினாங்கன்னு அப்புறம் சொல்றேன்.

நாலு மணியா? வண்டி நாலு மணிக்கு வருதா? ம்... இப்ப மணி ரெண்டரை. உங்க மாமனாரா. நாப்பது நாள் ஆஸ்பத்திரியில இருந்துட்டு வராரா. பாவம். சக்கர நாற்காலிய இந்த மண்ணு மேல எப்படித் தள்ளறது, அதானே கேக்கறீங்க? பாத்தேன், பாத்தேன். மூணாவது குழி கேட்டுல பாதிய முழுங்கிடுச்சு. நாலாவது குழி தோண்டினா மிச்சப் பாதியும் போச்சு.

இல்லம்மா, பயப்படாதீங்க, இன்னும் தோண்டல. அதோ அந்த மரத்தடியில உக்காந்திருக்காரே மேஸ்திரி, அவரு என் கையெழுத்துக்குத்தான் உக்காந்திருக்காரு. இந்தா பாருங்க, இந்த ஃபாரம். மேப்புல குழாயோட முனைன்னு குறிச்ச இடத்துல தோண்டிப் பாத்து முனை கிடைக்கலைன்னா, ரெண்டரை மீட்டருக்கு ஒரு குழியா தோண்டிக்கிட்டே போகணும். அதான் அவங்களுக்கு உத்தரவு. நிறுத்தணும்னா மேப் செக்ஷன்லேருந்து ஒருத்தர் இதுல கையெழுத்துப் போடணும். கையெழுத்து மட்டும் போதாதாம், இங்க ஒரு கட்டம் இருக்கு பாருங்க, 'காரணம்'னு, அத நிரப்பணுமாம். போட்டுக் குடுத்தா அரை மணி நேரத்துல குழிய மூடி, மேல கல்லு பரப்பி, நாற்காலி போற மாதிரி சமன் பண்ணித் தரேன்னு மேஸ்திரி சொல்லிட்டாரு. நல்ல மனுஷன். முறைச்சுக்கிட்டே சொன்னாரு, இருந்தாலும் நல்ல மனுஷன்.

போடறேம்மா. போடாம என்ன. காரணம் என்னன்னு யோசிக்க வேண்டாமா? வாயில வந்தத எழுத முடியுமா, சர்க்கார் பேப்பர்.

இதுக்கெல்லாம் மூலம் யாரு தெரியுமா? எங்க இன்ஜினியர் அம்மா. புதுசா வந்திருக்காங்க. நல்லவங்கதான், ஆனா சும்மா இருக்க மாட்டாங்க. குழாய் முடியற இடம் இருக்கே, தெருக்கோடி, அங்க தண்ணி நகராம தேங்கி நிக்கும். தேங்கினா வண்டல் சேரும். அந்த வீட்டுக்காரங்களுக்குத் தண்ணி கலங்கலா வரும். அதனால முனைக்கு ஒரு வால்வு வெச்சு, மாசம் ஒரு தடவை திறந்துவிட்டு அழுக்க வெளியேத்தணும்னு ஒரு யோசனை. யோசனை நல்ல யோசனை. நானே கை தட்டினேன். அப்புறம்தான் கேட்டாங்க, ஊர்ல மொத்தம் எத்தனை முனை இருக்கு, எங்கெங்க இருக்குன்னு. யாருக்குத் தெரியும்? நான் சொன்னேன், மேடம், ஒரு மாசம் குடுங்க, மேப்பத் தெருத் தெருவாப் பாத்து எண்ணிச் சொல்றேன்னு. ஒரு மாசம் எதுக்கு, மத்தியானத்துக்குள்ள எடுத்துத் தரேன்னு ஒரு குரல் வந்துச்சு பின்னாலேருந்து.

கண்ணாடி. அவ பேரு வேற, நாங்க கண்ணாடின்னுதான் கூப்பிடுவோம். ரெண்டு தட்டு அகலத்துக்கு ஒரு கண்ணாடி மாட்டியிருப்பா. சேந்து எட்டு மாசம் ஆகல. ஆபீஸ்ல எல்லாரும் அக்கா அக்கான்னு என்னைச் சுத்தி வந்தாங்க, இப்ப எதுக்கெடுத்தாலும் கண்ணாடி கண்ணாடின்னு அவ மேசைக்கு ஓடறாங்க. எனக்குப் பொறாமையா? சேச்சே. எனக்கெதுக்கு? நான் கத்துக் குடுத்த பொண்ணு. பிரிண்டர்ல பேப்பர் மாட்டிக்கிட்டா எப்படி எடுக்கறதுன்னு நான்தான் கத்துக் குடுத்தேன்.

ம்? பக்கத்து வீடா? பக்கத்து வீட்டுக்குத் தண்ணி வருதே, அப்ப குழாய் இங்க எப்படி முடியும்னு கேக்கறீங்களா? இருங்க இருங்க, வரேன். அவசரப்படாதீங்க. முதல்ல அவ என்ன பண்ணான்னு கேளுங்க.

பைத்தான்னு ஒண்ணு. கேட்டதும் எழுந்திருச்சுடாதீங்க, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன், எனக்கே அப்படித்தான் சொன்னா. கம்ப்யூட்டருக்கு எழுத்துல வேலை சொல்றது. மளிகைக் கடைக்குப் பட்டியல் எழுதறோம் இல்ல, அந்த மாதிரி வரிசையா, இதப் பண்ணு, அப்புறம் அதப் பண்ணுன்னு. கோடுன்னா நமக்குக் கோடு. கம்ப்யூட்டருக்கு அது கோடு இல்லையாம், வரிசையா நிக்கற புள்ளிங்களாம். குழாய் எங்கெங்க திரும்புதோ அங்கங்க ஒரு புள்ளி. அப்ப கோட்டோட முனை வேணும்னா என்ன பண்ணணும்? வரிசையில முதல்ல நிக்கற புள்ளிய எடு, கடைசியில நிக்கற புள்ளிய எடு, நடுவுல இருக்கறத எல்லாம் விட்டுடு. ரெண்டையும் தனியா ஒரு பைல்ல எழுதி வை. அடுத்த கோட்டுக்குப் போ. அவ்வளவுதான். பதினாறு வரி. நான் எண்ணிப் பாத்தேன், பதினாறே வரி. என்னோட லீவ் லெட்டர் அதவிட நீளம்.

அதுல ஒரு வேடிக்கை என்னன்னா, முதல் புள்ளிக்கு நம்பர் ஒண்ணு இல்லையாம், பூஜ்யமாம். சரி, போகட்டும். கடைசிப் புள்ளிக்கு என்ன தெரியுமா? மைனஸ் ஒண்ணு. நான் சொன்னேன், ஏண்டி, கடைசியில நிக்கறவங்கன்னா அவ்வளவு இளக்காரமா, மைனஸ்ல போட்டுட்டியேன்னு. இல்லக்கா, வரிசை எவ்வளவு நீளம்னு தெரியலைன்னாலும் கடைசி ஆள மட்டும் பின்னாலேருந்து பிடிக்கறதுக்கு அதான் வழின்னா. எனக்கு அது பிடிச்சிருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஆனா அவகிட்ட சொல்லல.

முதல் தடவை ஓடவிட்டா பாருங்க, திரை பூரா சிவப்புப் புள்ளி. அம்மை போட்ட மாதிரி ஆயிடுச்சு என் மேப்பு. ரெண்டாயிரத்து நூத்தி அம்பத்தி மூணு கோடு, கோட்டுக்கு ரெண்டு முனை, மொத்தம் நாலாயிரத்து முந்நூத்தி ஆறு. நான் சிரிச்சேன். மனசுக்குள்ள இல்ல, சத்தமாவே சிரிச்சேன். என்னடி கண்ணாடி, ஊர்ல வீட்டவிட முனை ஜாஸ்தியா இருக்கேன்னு கேட்டேன். அவ கண்ணாடியத் துடைச்சு மாட்டிக்கிட்டு, இருங்கக்கா, ரெண்டு குழாய் சேர்ற இடத்துல ரெண்டு கோட்டோட முனையும் ஒரே இடத்துல விழும், அதெல்லாம் நிஜ முனை இல்ல, ஒரே ஒரு தடவை மட்டும் வர்ற இடம் எதுவோ அதான் குழாய் முடியற இடம்னா. இன்னும் நாலு வரி எழுதினா. நாலாயிரத்து முந்நூத்தி ஆறு போய் நூத்தி முப்பத்தேழு நின்னுச்சு. பூங்காவச் சுத்தி வளையமா ஒரு குழாய் போகுது, ஆரம்பிச்ச இடத்துலயே வந்து முடியும், அதுகிட்ட இந்தப் புரோகிராம் ஏமாந்துடும்னு காத்துக்கிட்டிருந்தேன். ஏமாறல. அதோட முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒரே இடம், ரெண்டு தடவை வருது, அதனால முனை இல்லன்னு ஒதுக்கிடுச்சு. எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு.

அந்த நூத்தி முப்பத்தேழுல நீங்க அறுபத்தொண்ணு. ஆமா, உங்க வாசல்தான். உங்க வீட்டுக்கு என்ன நம்பரோ எனக்குத் தெரியாது, எங்க ஆபீஸ்ல நீங்க அறுபத்தொண்ணாம் முனை.

பக்கத்து வீடு, பக்கத்து வீடு. விடமாட்டீங்களே. நீங்க வக்கீலா? இல்ல கேட்டேன், இப்படி ஒரே இடத்துல நிக்கறீங்களே. பக்கத்து வீட்டுக்குத் தண்ணி வருது, ஒத்துக்கறேன். அவங்க மொட்டைமாடியில தொட்டி நிரம்பி வழியறது இங்கேருந்தே தெரியுது, ஒத்துக்கறேன். பக்கத்து வீட்டு வாசல் என்ன தெரியுமா? அறுபத்திரெண்டாம் முனை. அங்க நாளைக்குக் காலைல தோண்டறாங்க. சிரிக்காதீங்கம்மா. மேஸ்திரியும் இப்படித்தான் சிரிச்சாரு. ஏம்மா, இந்தப் பக்கத்துலேருந்து ஒரு குழாய் வந்து இந்த வாசல்ல முடியுது, அந்தப் பக்கத்துலேருந்து ஒரு குழாய் வந்து அந்த வாசல்ல முடியுது, நடுவுல எட்டு மீட்டர் தண்ணி என்ன பறந்து போகுதான்னு போன்ல கேட்டாரு. கேட்டது எனக்கு மட்டும் காதுல விழுந்தா பரவாயில்ல, ஸ்பீக்கர்ல போட்டு வெச்சிருந்தாங்க இன்ஜினியர் அம்மா. செக்ஷனே சிரிச்சுது. கண்ணாடி மட்டும் சிரிக்கல. அதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

இல்ல, நீங்க நினைக்கறது புரியுது. யாரு அந்தக் கோட்ட வரைஞ்சதுன்னு கேக்கப்போறீங்க. ஆபீஸ்ல வரையறவங்க நாலு பேரு. அதுல ஒருத்தர் ரிட்டயர் ஆகிட்டாரு, அவரு மேல போட்டுடலாம், மனுஷன் வந்து கேக்கவா போறாரு? ஆனா போட முடியாது. ஏன்னா ஒவ்வொரு கோட்டுக்கும் கூடவே எழுதியிருக்கும், வரைஞ்சது யாரு, எந்தத் தேதி, எத்தனை மணின்னு. கண்ணாடி, புள்ளிய எடுக்கும்போது அதையும் சேத்து எடுத்து வெச்சுட்டா. கெட்டிக்காரி. தேவையில்லாத கெட்டிக்காரத்தனம்.

சரி. நான்தான்.

திட்டினாக்கூடப் பரவாயில்ல. என்னை ஆபீஸ்ல எப்படிக் கூப்பிடுவாங்க தெரியுமா? ஸ்கேல் அக்கா. ஸ்கேல் வெச்ச மாதிரி வரைவேன்னு. புதுசா யார் சேந்தாலும் என் கோட்டக் காட்டித்தான் சொல்லிக் குடுப்பாங்க, இப்படி வரையணும்னு. இந்த முனைப் பட்டியலப் பத்திப் பேச ஆபீஸ் பூரா ஒரு கூட்டம் போட்டாங்க, அந்தக் கூட்டத்துல, எல்லாரும் இருக்கும்போது, கண்ணாடி என்கிட்ட நல்லவிதமாத்தான் கேட்டா. அக்கா, ஒரு முனைக்குப் பத்து மீட்டருக்குள்ள இன்னொரு முனை சும்மா நின்னா, அது குழாய் முடியற இடமா இருக்காது, வரையும்போது விட்டுப்போன இடைவெளியா இருக்கும், அந்த மாதிரி இருக்கறத மட்டும் தனியாப் பிரிச்சுடட்டுமா, அஞ்சு வரிதான்னு. எனக்குச் சுருக்குனு வந்துச்சு. விட்டுப்போனதா? என் கோட்டுலயா? அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம், என் கோடு ஒண்ணு தப்பா இருந்தா நானே போய் அந்தக் குழிய மூடறேன்னு சொல்லிட்டேன். நாப்பது பேருக்கு முன்னாடி. அவ எழுதி வெச்சிருந்த அந்த அஞ்சு வரிய அழிச்சுட்டா.

அந்த அஞ்சு வரி இருந்திருந்தா இன்னிக்கு உங்க வாசல்ல ஒரு குழியும் இல்ல. தெரியுதும்மா. எனக்குத் தெரியாதா?

இப்ப புரியுதா, காலைல மேஸ்திரி போன் வந்ததும் இன்ஜினியர் அம்மா என்ன சொன்னாங்கன்னு? கத்தல, ஒண்ணும் பண்ணல. நீங்க வரைஞ்சதுதானே, நீங்களே போய்ப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டுட்டு வாங்கன்னாங்க. அமைதியா. அதுக்குக் கத்தியிருக்கலாம்.

மணி என்ன? மூணு அஞ்சா. இருக்கு, நேரம் இருக்கு. மூணரைக்குள்ள குடுத்தாப் போதும்னு மேஸ்திரி சொன்னாரு. நீங்க கடிகாரத்தையும் என்னையும் மாத்தி மாத்திப் பாக்காதீங்க. காரணம் என்னன்னு போடலாம்? 'மண்ணின் தன்மை'ன்னு போட்டா? வேண்டாமா. 'தொழில்நுட்பக் கோளாறு'? அது எல்லாத்துக்கும் பொருந்தும், எங்க ஆபீஸ்ல பாதி ஃபாரத்துல அதான் இருக்கு. ஆனா அப்படிப் போட்டா தப்பு கண்ணாடியோட புரோகிராம் மேல விழும். அந்தப் பொண்ணு இன்னும் நிரந்தரம் ஆகல. அடுத்த மாசம்தான் அவளுக்கு உத்தரவு வரணும். அது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம், இல்ல?

புரோகிராம் தப்பே பண்ணலம்மா. அது என்ன பண்ணும்? கோடு எங்க முடிஞ்சிருக்கோ அங்க புள்ளி வெச்சுது. குழாய் எங்க முடியுதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்? அது பாத்தது குழாய இல்ல, என் கையை. என் கை எங்க நின்னுச்சோ, அதான் அறுபத்தொண்ணு.

எப்படி நின்னுச்சுன்னு கேளுங்களேன். கேக்க மாட்டீங்க, உங்களுக்கு மாமனார் வரணும். நானே சொல்லிடறேன், சொன்னாத்தான் எழுத வரும்.

எனக்கு ஒரு தங்கச்சி. ஒரே தங்கச்சி. பதிமூணு வருஷம் முன்னாடி அவ புதுசா வீடு கட்டினா. பாக்கப் போனேன். அவ புருஷன், மாமியார், நாத்தனார், எல்லாரும் ஹால்ல நிக்கறாங்க. நல்லா இருக்குடின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வரவேண்டியதுதானே? எனக்கு அந்தச் சுவரப் பாத்ததும் உறுத்துச்சு. பையில எப்பவும் டேப் இருக்கும். எடுத்து, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் குறுக்க அளந்து பாத்து, ரெண்டு இஞ்சு கோணல், கட்டினவன் ஏமாத்திட்டான், நீங்க எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னீங்களான்னு கேட்டேன். எல்லாருக்கும் முன்னாடி. அவ முகம் அப்படியே விழுந்துடுச்சு. அதோட பேச்சு நின்னுடுச்சு. ரெண்டு வருஷம். நான் போன் பண்ணா எடுக்க மாட்டா. நானும் ஒரு கட்டத்துல பண்றத விட்டுட்டேன், நான் சொன்னது என்ன பொய்யா, கோணல்னா கோணல்தானேன்னு. பொய் இல்லதான். ரெண்டு வருஷம் அத நினைச்சே பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் ஒரு நாள் ஆபீஸ்ல உக்காந்து உங்க தெருவ வரைஞ்சுக்கிட்டிருக்கேன். மவுஸால ஒரு தட்டு தட்டினா ஒரு புள்ளி விழும், கோடு நீளும். ரெண்டு தட்டு சேத்துத் தட்டினா கோடு முடிஞ்சதுன்னு அர்த்தம். தெரு முனைலேருந்து ஒவ்வொரு வீடாத் தட்டிக்கிட்டே வரேன். உங்க காம்பவுண்டுச் சுவர்கிட்ட வந்தாச்சு. போன் அடிக்குது. அவ பேரு. எனக்குக் கை உதறி ரெண்டு தட்டு விழுந்துடுச்சு. அதைப் பாத்தேனா? பாக்கல. போன எடுத்துக்கிட்டு வெளி வராந்தாவுக்கு ஓடினேன்.

என்ன சொன்னா தெரியுமா? ஹலோ இல்ல, ஒண்ணும் இல்ல. 'அக்கா, பீரோ வாங்கினோம், சுவரோட ஒட்ட மாட்டேங்குது, ரெண்டு இஞ்சு சந்து தெரியுது, நீ சொன்னது சரிதான்'னா. அவ்வளவுதான் சொன்னா. நான் அழுதுட்டேன். வராந்தாவுல நின்னு, கிளார்க்கெல்லாம் போறாங்க வராங்க, நான் பாட்டுக்கு அழறேன். அவளும் அழறா. அப்புறம் அந்தச் சந்துல என்ன வைக்கலாம்னு ஒரு மணி நேரம் பேசினோம். துடைப்பம் வைக்கலாம்னு முடிவாச்சு.

உள்ள வந்து உக்காந்தா கண்ணு ஒண்ணும் தெரியல. எங்க விட்டோம்னு பாத்து, பக்கத்து வீட்டு வாசல்லேருந்து புதுக் கோடு ஆரம்பிச்சுட்டேன். பைல்ல இருக்கும்மா, நேத்து அதப் பாத்தேன். முதல் கோடு முடிஞ்சது பதினொண்ணு நாப்பத்திரெண்டுக்கு. அடுத்த கோடு ஆரம்பிச்சது பன்னெண்டு அம்பத்தஞ்சுக்கு. தேதியப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு எனக்கு. நேத்தே தெரியும். நேத்து சாயங்காலமே கண்ணாடிகிட்ட, அறுபத்தொண்ணையும் அறுபத்திரெண்டையும் பட்டியல்லேருந்து எடுத்துடுடின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லல. எடுக்கச் சொன்னா ஏன்னு கேப்பா. தோண்டறவங்க எப்படியும் ஏதாவது கண்டுபிடிச்சுடுவாங்க, ஒரு பழைய மூடியாவது கிடைக்கும்னு இருந்துட்டேன்.

மூணு குழிம்மா. மூணுலயும் குழாய் பாட்டுக்கு நேரா போயிட்டே இருக்கு. எட்டிப் பாத்தேன். அழகா நேரா போகுது, உங்க வீட்டத் தாண்டி, பக்கத்து வீட்டுக்கு.

பேனாவா? என்கிட்டயே இருக்கு. சரி குடுங்க, உங்க பேனா நல்லா எழுதுதான்னு பாப்போம். என் தங்கச்சி இறங்கி வந்தா பாருங்க, அதத்தான் நேத்தேலேருந்து நினைச்சுக்கிட்டிருக்கேன். கோணல்னு ஒத்துக்கறதுக்கு அவளுக்கு எவ்வளவு கஷ்டமா இருந்திருக்கும். புருஷன் வீட்டுக்காரங்க எல்லாரும் இருக்கற வீட்டுல. ரெண்டு வருஷம் ஆச்சு, ஆனாலும் போன எடுத்துச் சொல்லிட்டா. நான் சின்னப் பொண்ணு ஒருத்திகிட்ட சொல்ல முடியாம உங்க வீட்டுக் கிழவர வண்டியில காக்க வைக்கப் பாத்தேன். மன்னிச்சுக்கோங்க. நிஜமாத்தான் சொல்றேன்.

போன் அடிக்குது... என்னுதுதான். யாருன்னு பாருங்க, தங்கச்சியேதான். வெள்ளிக்கிழமைன்னா இந்த நேரத்துக்குப் பண்ணுவா. அடிக்கட்டும். இல்லம்மா, எடுக்க மாட்டேன். முதல்ல இது. போன தடவை எடுத்துட்டு ஓடினதாலதான் இவ்வளவும். காரணம்... 'குழாய் இங்கே முடியவில்லை. வரைபடத்தில் எட்டு மீட்டர் நான் வரையாமல் விட்டது. புள்ளி எடுத்த முறையில் தவறு இல்லை. சரிபார்க்கலாம் என்று சொன்னவரை நான்தான் தடுத்தேன்.' கட்டம் பத்தல, ஓரத்துல எழுதறேன். அறுபத்திரெண்டும் தோண்ட வேண்டாம்னு போட்டுடறேன். கையெழுத்து. தேதி. மணி மூணு இருபத்தாறு. பேர முழுசா எழுதட்டுமா, ஸ்கேல் அக்கான்னு எழுதட்டுமா?

அட, பிடுங்கிட்டுப் போயாச்சா. ஓடறதப் பாரு. பாத்து, பாத்து, குழிக்குள்ள விழுந்துடாதீங்கம்மா. மேஸ்திரி, அந்த ஃபாரத்த வாங்கிக்கோங்க. ஆமா, எழுதிட்டேன். ஆமா, எல்லாத்தையும்தான்.

ஹலோ. இருடி, மூச்சு விடு. ஏன் முதல் தடவை எடுக்கலன்னா, வேலையா இருந்தேன். ஒரு தெருவுல ஒரு வீட்டு வாசல்ல உக்காந்திருக்கேன். ஏனா? எல்லாம் உன்னாலதான். நீ அன்னிக்கு அந்த நேரம் பாத்துப் போன் பண்ணியே, ஒரு அஞ்சு நிமிஷம் கழிச்சுப் பண்ணியிருக்கக் கூடாதா? மூணு குழிடி. ஒரு வயசானவர் வீட்டுக்குள்ள போக முடியாம... சிரிக்காதே. என்னது, பீரோவா? அதுக்கென்ன இப்ப? மாத்தப்போறியா? மாத்தாதே, அது அங்கயே இருக்கட்டும்.

என்ன மேஸ்திரி? மண்வெட்டியா? எனக்கா? ஓ... கூட்டத்துல நான் சொன்னது உங்க வரைக்கும் வந்தாச்சா. யாரு சொன்னா, கண்ணாடியா? அவ சொல்ல மாட்டா. நாப்பது பேருல யாராவது சொல்லியிருப்பாங்க. குடுங்க. சொன்னேன்தானே. முட்டி மடங்காது, நின்னுக்கிட்டே தள்ளறேன்.

இல்லடி, உன்கிட்ட இல்ல. ஒரு குழி மூடணும். ஸ்பீக்கர்ல போட்டு இந்தத் தூண் மேல வைக்கறேன். நீ பேசிட்டே இரு. வெச்சுடாதே.